பால்சாக் வேலைக்குப் போனாரா?

கேள்வி: வயது 41. கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். சிற்றிதழ்களில் நான்கைந்து கதைகள் வந்திருக்கின்றன. நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. மாலையில் வீடு திரும்பினால் பேனாவைத் தொடவே தெம்பு இருப்பதில்லை. தல்ஸ்தோயும் பால்சாக்கும் தஸ்தயேவ்ஸ்கியும் அலுவலகத்துக்குப் போயிருந்தால் அவ்வளவு எழுதியிருப்பார்களா? ராஜினாமாக் கடிதம் தயார். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது, மகள் பத்தாம் வகுப்பு. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. கொடுத்துவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் சாட்சிக்கு அழைத்த மூவரில் ரஷ்ய நாவலாசிரியர் தல்ஸ்தோயை முதலில் விட்டுவிடுவோம். அவர் பிரபு. யாஸ்னயா பொல்யானா என்ற பண்ணையே அவருக்குச் சொந்தம். மாதத் தவணை கட்டுகிறவர்களுக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார்.

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் வேலையை விட்டவர்தான். வக்கீல் அலுவலகக் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, 1819-இல் பாரிஸில் ஒரு மாடியறைக்குள் புகுந்து செய்யுள் நாடகம் ஒன்றை எழுதினார். குடும்பத்தார் அதை ஒரு பேராசிரியரிடம் காட்டினார்கள். இந்தப் பையன் எதை வேண்டுமானாலும் செய்யட்டும், இலக்கியம் மட்டும் வேண்டாம் என்றார் அவர். பேராசிரியர் கணிப்பு பொய்த்தது, ஆனால் பணக் கஷ்டம் பொய்க்கவில்லை. பிழைப்புக்கு அச்சகம் வைத்து, இரண்டே வருடத்தில் சுமார் 60,000 ஃபிராங்க் கடனாளியானார். பிற்காலத்தில் பாரிஸை ஒட்டிய பாஸி பகுதியில் வேறொரு பெயரில் குடியிருந்தார். சரிவில் கட்டிய அந்த வீட்டுக்கு மேல் தெருவில் ஒரு வாசல், கீழ்ச் சந்தில் ஒரு வாசல். கடன்காரர் ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் நழுவிவிடலாம். இன்று அது அருங்காட்சியகம்.

இன்னொரு ரஷ்ய நாவலாசிரியரான தஸ்தயேவ்ஸ்கி 1844-இல் ராணுவப் பொறியாளர் பணியை விட்டார். 1865-இல் கடன் கழுத்தை நெரிக்க, ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் அந்த ஆள் சல்லிக்காசு தராமல் அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. அக்டோபர் பிறந்தபோது ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அன்னா என்ற 20 வயதுச் சுருக்கெழுத்துப் பெண்ணை அமர்த்தி, இரவில் குறிப்பெடுத்துப் பகலில் சொல்லச் சொல்ல, 26 நாளில் ‘சூதாடி’ முடிந்தது. கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை! காவல் நிலையத்தில் கையெழுத்துப் படியை ஒப்படைத்து ரசீது வாங்கித்தான் தப்பித்தார். சில மாதங்களில் அன்னாவையே மணந்தார் என்பதால் நாம் இதை ரசித்துப் படிக்கிறோம். அந்த அக்டோபர் உங்கள் வீட்டில் நடந்தால் யாரும் ரசிக்கமாட்டார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப். இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் 1834-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஜெர்சித் தீவில் 1852-இல் தெருவோரத் தபால் பெட்டிகள் வந்தது இவர் யோசனையால்தான். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே வீட்டுக் குதிரைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். முந்தைய நாள் எழுதியதை அரை மணி நேரம் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள். அலுவல் பயணங்களில் ரயில் பெட்டியிலேயே மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவி ரோஸ் அதைப் படியெடுத்துத் தருவார். இப்படி 47 நாவல்கள். இந்தக் கடிகாரக் கணக்கு அவர் இறந்த மறு ஆண்டு, 1883-இல், தன்வரலாறு வெளியானபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. உன்னத ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

முதல் நாவல் வந்தது 1847-இல். எழுத்தில் சம்பாதித்த முதல் காசு என்று அவரே சொல்வது 1855-இல் வந்தது: 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ். இடையில் அடுப்பு எரிந்தது அஞ்சல் துறைச் சம்பளத்தில்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவும் வேலைக்குப் போனவரே. பிராகில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை இருந்தார். மரம் இழைக்கும் இயந்திரத்தில் சதுரத் தண்டு இருந்தால் விரல் போகிறது, உருளைத் தண்டு பாதுகாப்பானது என்று படத்துடன் அறிக்கை எழுதியவர் அவர். அலுவலகத்தைப் பற்றி நாட்குறிப்பில் ஓயாமல் புலம்பியவரும் அவரே. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, காலை ஆறுக்குள் ‘தீர்ப்பு’ கதையை ஒரே மூச்சில் முடித்தார். ஆனால் அவருக்கு வேலை பிற்பகல் இரண்டு மணியோடு முடிந்தது. உங்கள் வங்கி அப்படி விடாது. ஆகவே ராத்திரி கண்விழிப்பை அவருக்கே விட்டுவிடுங்கள்.

உங்களுக்குக் காலைதான் சரி. மாலையில் தெம்பில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்திலிருந்து ஆறரை வரை உட்காருங்கள். ஒரு பக்கம் வந்தாலும் போதும். ஞாயிறும் விடாதீர்கள். ஆறு மாதம் இப்படிப் போனால் நாவலின் மறுபாதி வந்துவிடும். வராவிட்டால், தடை வங்கியல்ல என்பதாவது தெரிந்துவிடும்.

டிராலப்பும் 1867-இல் ராஜினாமா செய்தார். ஆனால் எப்படி? 60 வயதுவரை இருந்தால் எவ்வளவு ஓய்வூதியம் வருமோ, அவ்வளவு வருமானம் தரும் சேமிப்பு சேர்ந்த பிறகே விடுவது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்திருந்தார். அந்த முடிவை மனைவியோடு கலந்து பேசி எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை’ என்ற ஒரு வரிதான். தவணை அவர் தலையிலும்தான் விழும். இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவதற்கு முன்னால், எழுதிய வரைக்கும் நாவலைப் படிக்கக் கொடுங்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று இருவரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள்.