வாக்கர் வாங்கிவிட்டோம், அப்பாவால் பிடிக்க முடியவில்லை

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தவர். ஐந்து வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார். பிடித்துக்கொண்டால் உட்காருவார், கொஞ்சம் நிற்பார். வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கே கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் 2,600 ரூபாய்க்கு வாக்கர் வாங்கினோம். அதை அவரால் பிடிக்கவே முடியவில்லை. கடைக்காரர் விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டாராம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு 30 தடவைக்கு 15,000 ரூபாய் முன்கூட்டியே கட்டினோம். 11 தடவையோடு ஆள் வருவது நின்றுவிட்டது. 'பேக்கேஜ் பணம் திரும்ப வராது' என்கிறார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி 70,000 ரூபாய்க்கு மோட்டார் கட்டில் வாங்கலாம் என்கிறான். சித்தப்பாவோ செல்போனில் பார்த்த வாதத் தைலத்தை வாங்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: பணத்தைப் பிறகு பார்ப்போம். பயிற்சி நின்று எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை; எனக்கு அதுதான் கவலை. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில்தான் கை கால் வேகமாகத் தேறும். அப்புறமும் தேறும், ஆனால் மெதுவாக. அதனால் நாளைக்கே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. காசு கிடையாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தினமும் வரமாட்டார்கள். வரும் நாளில் பயிற்சியைக் கூட இருந்து கற்றுக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டில் யாராவது செய்ய வைக்க வேண்டும்.

இப்போது அந்த 15,000. ஒரு தடவைக்கு 500 என்றால், வராத 19 தடவைக்கு 9,500 ரூபாய் உங்களுக்கு வரவேண்டும். செய்யாத வேலைக்குக் காசை வைத்துக்கொள்வது சேவைக் குறைபாடு. 'பணம் திரும்ப வராது' என்று அவர்களே ரசீதில் அச்சடித்துக்கொண்டாலும் அது மாறாது. எந்தெந்தத் தேதியில் ஆள் வந்தார், எப்போது நின்றார் என்று ஒரு தாளில் எழுதி, பணத்தை 15 நாளில் திருப்பக் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் கத்தினால் ஆதாரம் மிஞ்சாது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல சில்லறைத் தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதனால் இதற்காக அப்பாவின் பயிற்சி நாளை விட்டுவிட்டு அலைய வேண்டாம்.

வாக்கர் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழுதான பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுத்தே ஆகவேண்டும். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் வாக்கரில் பழுது இல்லை. அது இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டிய பொருள், அப்பாவுக்கு ஒரு கைதான் இருக்கிறது. வாங்கும்போது 'வலது கை வராது' என்று சொல்லி, அவரும் 'இது சரியாக இருக்கும்' என்று கொடுத்திருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் வலு உண்டு. சொல்லவில்லையா? அப்படியானால் சண்டை போடாமல் போய், மாற்றிக் கொடுக்கக் கேளுங்கள். பெரும்பாலும் நாலு கால் வைத்த கைத்தடி போதும். நல்ல கையில், அதாவது இடது கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் கைப்பிடி உயரம். இதையும் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகே வாங்குங்கள். பில் கொடுத்தாரா, துண்டுச் சீட்டா? பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. இதை நினைவுபடுத்தினால் பேச்சு கொஞ்சம் இறங்கி வரும்.

தம்பியிடம் கட்டிலை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் பாசமும் பயமும் சேர்ந்து பர்ஸைத் திறக்கும், எனக்கும் தெரியும். ஆனால் உட்கார்ந்து நிற்கத் தொடங்கியவருக்கு 70,000 ரூபாய்க் கட்டில் எதற்கு? உட்காரும்போது பாதம் தரையில் முழுசாகப் படுகிற உயரத்தில், ஆடாத கட்டில் இருந்தால் சரி. தலைப்பக்கம் தூக்க வேண்டியிருந்தால் கையால் சுற்றும் கட்டில் மாத வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் உண்மையில் தேவைப்படுவது கழிப்பறை நாற்காலி, சுவரில் ஒரு கைப்பிடி. சக்கர நாற்காலி வாங்கும் எண்ணம் வந்தால் முதலில் கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள். சாதாரண நாற்காலியே இரண்டு அடிக்கு மேல் அகலம் இருக்கும். நம் ஊர்க் கழிப்பறைக் கதவு பல வீடுகளில் இரண்டு அடிதான்.

தைலம் வேண்டாம். பக்கவாதத்தைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள், 1915-இல் அதையும் சொல்லலாம். சித்தப்பாவிடம் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: யார் என்ன கொடுத்தாலும் டாக்டர் எழுதின ரத்த அழுத்த மாத்திரையையும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

1915-க்குப் பேசினால் புகார் எண் ஒன்று கொடுப்பார்கள். அதை அந்தப் பிசியோதெரபி ரசீதின் பின்பக்கமே எழுதி வையுங்கள். அப்புறம் தேடினால் கிடைக்காது.