நிக்கான் டி750 வைத்திருப்பவர் புதிதாக அறிவிக்கப்பட்ட இசட்5-2 கேமராவை உடனே வாங்கலாமா?

தண்டையார்பேட்டையில் திருமணப் படங்கள் எடுத்துவரும் நீங்கள், 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நிக்கான் இசட்5-இன் இரண்டாம் பதிப்பை (இசட்5-2) வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பே முன்பதிவு செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் டி750 பாடியும், 24-70 எஃப்2.8, 85 எஃப்1.8ஜி, பழைய 50 எஃப்1.8டி ஆகிய லென்ஸ்களும் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டில் படம் எடுக்கும் பழக்கம் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் திருவொற்றியூரில் இதே தொழிலில் இருப்பவன். டி750-இல் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) இசட் வரிசைக்கு மாறியவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்கு ஏற்ற கேமராதான். ஆனால் வைகாசிக்கு முன் வேண்டாம், ஆடியில் வாங்குங்கள்.

அறிவிப்பு புதிதே தவிர, உள்ளே இருப்பவை பெரும்பாலும் புதியவை அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 24.5 மெகாபிக்சல் முழுச்சட்டக சென்சாரும் எக்ஸ்பீட் 7 பிராசஸரும் 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இசட்எஃப் கேமராவிலேயே வந்துவிட்டன. ஆகவே படத்தின் தரம், இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் திறன், அதிக ஐஎஸ்ஓவில் (வெளிச்ச உணர்திறன்) புள்ளி எவ்வளவு தெரியும் என்பவற்றையெல்லாம் அப்போதிருந்தே பலர் வேலையில் சோதித்து முடித்திருக்கிறார்கள். யூடியூப் விமர்சனங்களில் நீங்கள் பார்க்கும் வியப்பில் பாதி, 2020-இல் வந்த முதல் இசட்5-உடன் ஒப்பிடுவதால் வருவது. அது நொடிக்கு 4.5 படங்களே எடுத்தது. 4கே வீடியோவில் சட்டகத்தை 1.7 மடங்கு வெட்டியது. அதோடு ஒப்பிட்டால் புதியது பெரும் பாய்ச்சல்தான். ஆனால் உங்களிடம் இருப்பது அந்தக் கேமரா அல்ல, 2014-இல் வந்தாலும் இன்றும் சோறு போடுகிற டி750. ஒப்பீட்டை அதோடுதான் செய்ய வேண்டும்.

அப்படிச் செய்தால் சில இடங்களில் லாபம் ஏதுமில்லை என்பது தெரியும். டி750 எடுக்கும் படத்தின் அகலம் 6016 பிக்சல். இசட்5-2 எடுப்பது 6048. வித்தியாசம் 32 பிக்சல். 12க்கு 36 ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்தால், இரண்டு கேமராவிலும் அங்குலத்துக்கு 167, 168 பிக்சல்தான் கிடைக்கும். மண்டப வாசலில் வைக்கும் பேனரில் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எடையும் அப்படியே. மின்கலமும் கார்டும் சேர்த்து டி750-இன் எடை சுமார் 840 கிராம், புதியது சுமார் 700. உங்கள் பழைய லென்ஸ்களைப் பொருத்த எஃப்டிஇசட்-2 அடாப்டரை மாட்டியதும் இன்னொரு 125 கிராம் கூடிவிடும். மிச்சம் 15 கிராம். "மிரர்லெஸ் என்றால் தோள் வலிக்காது" என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

லாபம் இருக்கும் இடம் ஃபோகஸ். அதில் சந்தேகமே இல்லை. டி750-இன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டகத்தின் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்பவை. மணப்பெண்ணை ஓரத்தில் வைத்து எடுக்க வேண்டுமானால் கண்ணில் ஃபோகஸ் பூட்டிக்கொண்டு கேமராவைத் திருப்ப வேண்டும், அதற்குள் அவர் தலை குனிந்திருப்பார். இசட்5-2-இல் சட்டகத்தின் ஏறக்குறைய எந்த மூலையிலும் கண்ணைப் பிடிக்கிறது, 85 லென்ஸை எஃப்1.8-இல் திறந்துவைத்தாலும் தயங்குவதில்லை.

ஆனால் தாலி கட்டும் நேரத்தில் இதே வசதி காலை வாரிவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் பெண்ணின் கழுத்தைச் சுற்றி வந்து அவர் முகத்தைப் பாதி மறைக்கின்றன. பின்னால் நாத்தனார் அடுத்த முடிச்சுக்காக விளக்கோடு குனிந்து நிற்கிறார். சட்டகத்திலேயே முழுதாகத் தெரிகிற ஒரே முகம் அவருடையது, விளக்கு வெளிச்சமும் அதன் மேல்தான் விழுகிறது. முழுச் சட்டகத்திலும் முகம் தேடச் சொல்லி விட்டிருந்தால், கேமரா எந்த யோசனையும் இல்லாமல் நாத்தனாரின் கண்ணுக்குத் தாவிவிடும். ஃபோகஸ் பரப்பை நாமே அளவிட்டுச் சிறு பெட்டியாகக் குறுக்கி, அந்தப் பெட்டிக்குள் மட்டும் கண்ணைத் தேடச் செய்யும் முறை இந்தக் கேமராவில் இருக்கிறது. அதை ஒரு பொத்தானில் ஏற்றி, விரல் பழகும்வரை பயன்படுத்திப் பார்த்த பிறகே முகூர்த்தத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். உறைபிரித்த மறுநாள் காலை நான்கரை மணி முகூர்த்தத்தில் நின்றுகொண்டு மெனுவைத் துழாவுவது தொழிலுக்கு அழகல்ல.

மைனஸ் 10 ஈவி (வெளிச்ச அளவு, எண் குறையக் குறைய இருட்டு அதிகம்) வரை ஃபோகஸ் பிடிக்கும் என்று விளம்பரம் சொல்வதையும் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அது எஃப்1.2 லென்ஸ் மாட்டி அளந்த எண். உங்கள் 24-70 எஃப்2.8-இல் சென்சாருக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டரை ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அப்படிக் கழித்தாலும் டி750-இன் மைனஸ் 3-ஐவிட வெகுதூரம் முன்னால்தான் இருக்கிறது என்பது வேறு. எண்ணைப் பார்த்து மயங்காமல் இருந்தால் போதும். பாடிக்குள்ளேயே இருக்கும் அதிர்வுத் தடுப்பும் அப்படித்தான். மண்டபத்தின் அலங்காரத்தையும் மேடையையும் குறைந்த ஷட்டர் வேகத்தில் கையில் பிடித்தே எடுக்கலாம், அது பெரிய உதவி. ஆடுகிற நண்பர் கூட்டத்தை அது உறையவைக்காது.

நொடிக்கு 30 படங்கள் என்ற வேகம் ஜேபெக்கில் மட்டும், அதுவும் எலெக்ட்ரானிக் ஷட்டரில் கிடைப்பது. மெக்கானிக்கல் ஷட்டரில் ஜேபெக் 14, ரா (பதப்படுத்தாத மூலக் கோப்பு) 11 என்பதே உங்களுக்குப் பயன்படும் வேகம். திருமண வேலைக்கு அதுவே அதிகம். அப்படி எடுத்துத் தள்ளினால் தேர்வு செய்ய உட்காரும் ஆள் நீங்கள்தானே. எலெக்ட்ரானிக் ஷட்டர் சத்தமே இல்லாதது. ராயபுரம் புனித ராயப்பர் ஆலயம் போன்ற இடங்களில் பூசை நடக்கும்போது அது எவ்வளவு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது, படிக்கும் வேகமும் குறைவு. எனவே எல்இடி திரையும் எல்இடி அலங்கார விளக்கும் உள்ள மேடையில் அதே ஷட்டரைப் பயன்படுத்தினால், மணமக்கள் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். நம் பக்கத்து வரவேற்புகளில் எல்இடி திரை இல்லாத மேடையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அங்கே மெக்கானிக்கல் ஷட்டர், ஆலயத்தில் எலெக்ட்ரானிக் ஷட்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்த இசட்6-3-இன் சென்சார் இதைவிட வேகமாகப் படிக்கும். அதன் அறிமுக விலை அமெரிக்காவில் 2,500 டாலர், இசட்5-2-க்கோ 1,700 டாலர். அந்த 800 டாலர் வித்தியாசத்துக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கிவிடலாம் என்பதால், புகைப்படம் மட்டும் எடுப்பவருக்கு இசட்6-3-ஐ நான் சிபாரிசு செய்வதில்லை. வீடியோவும் நீங்களே எடுப்பதானால் யோசிக்கலாம், ஏனெனில் இசட்5-2-இல் 4கே 60 சட்டகம் வைத்தால் படம் 1.5 மடங்கு வெட்டப்படுகிறது.

பெட்டியில் போட்டிருக்கும் விலையோடு செலவு முடிவதில்லை. அடாப்டர் தனி. அதிலே உங்கள் 24-70-உம் 85-உம் தானியங்கி ஃபோகஸோடு நன்றாக வேலை செய்யும். 50 எஃப்1.8டி செய்யாது; அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, அதைத் திருப்பும் திருகு டி750-க்குள் இருக்கிறது, அடாப்டருக்குள் இல்லை. கையால் திருப்பி ஃபோகஸ் செய்ய வேண்டும் அல்லது அதற்குப் பதில் இசட் 40 எஃப்2 போன்ற சிறிய லென்ஸை வாங்க வேண்டும். மின்கலத்தில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் கலந்திருக்கின்றன. உங்களிடம் உள்ள இஎன்-இஎல்15 வகை இதிலும் பொருந்தும். ஆனால் ஒரே அளவுகோலில் டி750-க்கு 1,230 படம் என்று நிறுவனம் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டால், இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். தொடர்ச்சியாக எடுக்கும்போது நடைமுறையில் அதைவிட அதிகம் வரும் என்றாலும், காலையில் முகூர்த்தமும் மாலையில் வரவேற்பும் உள்ள நாளில் கூடுதல் மின்கலங்கள் இல்லாமல் கிளம்ப முடியாது. எஸ்டி கார்டுகளை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு ஸ்லாட்டும் எஸ்டி வகைதான்.

பலரும் கேட்க மறக்கும் ஒன்று, உங்கள் ஆல்பம் டிசைனர் எந்த ஃபோட்டோஷாப் வைத்திருக்கிறார் என்பது. பழைய பதிப்பாக இருந்தால் புதிய கேமராவின் ரா கோப்பு அதில் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் புதிய கேமராவை ஏற்கத் தொடங்கிய பிறகு அதில் மாற்றிக் கொடுக்கலாம். நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் இலவசம்தான். இரண்டில் எதுவானாலும் வேலையில் ஒரு படி கூடுகிறது, அதைப் பழகவும் நாள் வேண்டும்.

காசிமேட்டுக்கு வருவோம். ஏலம் நடக்கும் இடத்தில் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் உப்புக் காற்றும் சேர்ந்து வரும். எண்ணூர்ப் பக்கம் போனால் இவற்றோடு சாம்பல் தூசியும் உண்டு. டி750-இல் லென்ஸைக் கழற்றினால் முன்னே கண்ணாடியும், அதன் பின்னே மூடிய ஷட்டரும் சென்சாரை மறைத்திருக்கும். இதில் கழற்றிய உடனே சென்சார் வெட்டவெளியில் நிற்கிறது. ஆகவே துறைமுகத்தில் லென்ஸ் மாற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரே லென்ஸோடு போய் வாருங்கள். அடாப்டர் மாட்டியிருந்தால் ஈரம் நுழையக்கூடிய இணைப்பு ஒன்றுக்கு இரண்டாகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். வீடு திரும்பியதும் பாடியின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, ஈரப்பத அளவி வைத்த காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் போதும். கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு லென்ஸில் பூஞ்சை பிடிப்பது எந்த பிராண்டையும் பார்த்து வருவதில்லை.

ஆடி என்று சொன்னதற்கான காரணத்துக்கு இப்போது வருகிறேன். சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் உங்களுக்கு ஆர்டர் உள்ள மாதங்கள். அந்த மாதங்களில் கையில் இருக்க வேண்டியது விரல் பழகிய கேமரா. ஆடியில் திருமணம் இல்லை, ஆனால் படம் எடுக்கக் குறைவே இல்லை. கொருக்குப்பேட்டை முதல் எர்ணாவூர் வரை தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் திருவிழா நடக்கும். கூழ் வார்ப்பது பகலில், தீமிதி இரவில், தலைக்கு மேல் முழுக்க சீரியல் விளக்கு. இருட்டு, நெருப்பு, மின்னும் எல்இடி, ஓடுகிற ஆட்கள் என்று ஒரு கேமராவைச் சோதிக்க வேண்டிய அனைத்தும் அங்கே இருக்கின்றன, தவறினால் பணம் திருப்பிக் கேட்க யாரும் இல்லை. ஆவணி முகூர்த்தம் தொடங்கும்போது நீங்கள் தயாராக இருப்பீர்கள். அதற்குள் முதல் சில வாரங்களின் தட்டுப்பாடும் நீங்கி, தொடக்கக்காலப் பிழை ஏதும் இருந்தால் ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருள்) சரிசெய்யப்பட்டிருக்கும்.

அதுவரை காத்திருக்க மனம் இல்லையென்றால், வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் கேமரா வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் இசட்எஃப்-ஐ அடாப்டரோடு ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். பிடிமானம் வேறு, மேலே உள்ள சக்கரங்கள் வேறு, இரண்டாம் கார்டு மைக்ரோ எஸ்டி. ஆனாலும் சென்சாரும் பிராசஸரும் ஒன்றே என்பதால், உங்கள் 24-70 இதில் எப்படி நடந்துகொள்கிறது என்பது அன்றைக்கே விளங்கிவிடும். முதன்மைக் கேமராவாக அல்லாமல் டி750-க்குத் துணையாக மட்டும் கொண்டு செல்லுங்கள்.

வாங்கும்போது இந்திய உத்தரவாதத்தோடு, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். கேமராவுக்கு வரி 18 சதவீதம் (2018 முடியும்வரை 28 ஆக இருந்தது). நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில்லில்லாத இறக்குமதிப் பீஸில் சில ஆயிரம் குறைவது போலத் தோன்றும். இந்த வரிக்கழிவையும் பழுது வந்தால் ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அது மலிவல்ல. மாதத் தவணையில் எடுப்பதானால், கையில் முன்பணம் வாங்கிய ஆவணி ஆர்டர்கள் எத்தனை என்பதை வைத்துத் தவணையை முடிவு செய்யுங்கள், வரக்கூடும் என்று நினைக்கும் ஆர்டர்களை வைத்து அல்ல. புதுக் கேமராவுக்காக எந்த வீட்டாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அவர்கள் கேட்பதெல்லாம், "அண்ணே, ட்ரோன் உண்டா?"

வேறு பிராண்டுக்கு மாறுவதைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சோனி ஏ7-4 நல்ல கேமரா, லென்ஸ் தேர்வும் அங்கே அதிகம். ஆனால் உங்கள் லென்ஸ், ஃப்ளாஷ், மின்கலம் எல்லாவற்றையும் விற்று வாங்க வேண்டும். கேனான் ஆர்8 விலையில் கவரும், அதில் ஒரே ஒரு கார்டு ஸ்லாட்தான். திருமணத்துக்கு அது ஆகாது.

டி750-ஐ விற்காதீர்கள். இன்றைக்கு அதற்குக் கிடைக்கும் விலை ஒரு வரவேற்பு ஆர்டரின் தொகையைத் தாண்டுவது கடினம். அதன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. இப்போது கவுண்ட் எவ்வளவு என்பதைப் பாருங்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் 50 எஃப்1.8டி-ஐ அதிலேயே மாட்டி இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டிவிட்டிருந்தால் மட்டும், ஆடிவரை அதை மட்டும் நம்பியிராமல், வைகாசிக்கு ஒரு துணை பாடியை இப்போதே வாடகைக்குப் பேசி வையுங்கள்.