கல்தச்சராக வாழ்வைத் தொடங்கிப் பிரதமரான புலம்பெயர்ந்தவர் எவரேனும் உண்டா?

உண்டு. கனடாவின் இரண்டாவது பிரதமர் அலெக்சாண்டர் மெக்கன்சி அத்தகையவர். முதல் பிரதமரான ஜான் மெக்டொனால்டைப் பற்றிப் பேசுவோர் இவரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

1822-இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த இவருக்குப் பதின்மூன்று வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோயிற்று. கல்வேலை கற்றுத் தேர்ந்து, 1842-இல், பின்னாளில் தம் மனைவியான ஹெலன் நீலின் குடும்பத்தாரோடு கப்பலேறிக் கிங்ஸ்டன் நகரை அடைந்தார். அங்கே கோட்டைப் பணிகளில் உழைத்தார்; போஹார்னுவா கால்வாய்ப் பணியில் மேஸ்திரியாக இருந்தபோது ஒரு டன் எடையுள்ள கல் விழுந்து அவருடைய கால் நசுங்கியது. 1847-இல் சார்னியாவில் குடியேறி ஒப்பந்தக்காரரானார். இன்றைய விண்ட்சர் நகரின் சாண்ட்விச் பகுதியில் 1850-களில் அவர் கட்டிய நீதிமன்றம், மெக்கன்சி மண்டபம் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது.

சிறிது காலம் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். 1861-இல் சட்டமன்ற உறுப்பினரானார். பசிபிக் ரயில்பாதை ஒப்பந்தத்தை நாடியவர்களிடமே தேர்தல் நிதி பெற்றது அம்பலமாகி 1873-இல் மெக்டொனால்டு பதவி விலகவே, பிரதமர் பொறுப்பு மெக்கன்சிக்கு வந்தது.

பொதுப்பணித் துறையை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் எடுத்துப் பிழைத்தவருக்கு அதில் பணம் எங்கே கசியும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும். ஒப்பந்தமும் உத்தியோகமும் கேட்டுக் கட்சிக்காரர்கள் வாசலில் காத்துக் கிடந்ததால், அவர்கள் கண்ணில் படாமல் வெளியேறுவதற்கென்றே, நாடாளுமன்ற வளாகத்தின் மேற்குக் கட்டடத்தில் இருந்த தம் அறையிலிருந்து கீழ்த்தளம் வரை மறைவான படிக்கட்டு ஒன்றை அமைத்துக்கொண்டார். இத்தனை கறாரான மனிதர் தம் கட்சியினரிடையே செல்வாக்கோடு இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்; ஆயினும் அந்தக் கறார்த்தன்மைக்காகவே அவரை மதிக்கிறேன்.

இரகசிய வாக்கெடுப்பு 1874-இலும், உச்ச நீதிமன்றம் 1875-இலும், அரசின் கணக்கைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கையாளர் பதவி 1878-இலும் அவர் ஆட்சியில் வந்தவை. அன்று ‘இந்தியர்’ என்று அழைக்கப்பட்ட கனடாவின் முதற்குடி மக்களின் வாழ்வை அரசின் பிடிக்குள் இறுக்கிய 1876-ஆம் ஆண்டின் இந்தியர் சட்டமும் அதே ஆட்சியில் வந்ததுதான். அந்தத் தீங்கை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. 1878 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. சர் பட்டம் மும்முறை தேடி வந்தும் மறுத்துவிட்ட மெக்கன்சி, 1892-இல் இறக்கும்வரை நாடாளுமன்ற உறுப்பினராகவே பணியாற்றினார்.