ஹவுஸ்மன்: பெயர் சொல்லாத கவிதைகள் – கடிதம்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் ஒரு பதிலில் ஆங்கிலக் கவிஞர் ஏ.ஈ. ஹவுஸ்மனை அடிக்கடி எடுத்துப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு ஆச்சரியம். எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது எங்கள் வகுப்பில் அவருக்குக் கிடைத்தது அரை மணி நேரம். எளிய சந்தம், அல்பாயுசில் சாகும் பையன்கள், பதின்வயதில் பிடிக்கும், அப்புறம் விட்டுவிடலாம் என்று எங்கள் ஆசிரியர் முடித்துவிட்டார். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தைப் பாடியவருக்கு அந்தப் பகுதியே சரியாகத் தெரியாது என்றும் பிறகு படித்தேன். லத்தீன் சுவடிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு கறாரான பேராசிரியர் கிராமத்துப் பையனின் குரலில் பாடுவது வெறும் வேஷம்தானே? அவருடைய காதல் கதை தெரிந்தபின் கவிதைகளை வேறு மாதிரி படிக்க வேண்டுமா?

நித்யா

*

அன்புள்ள நித்யா,

ஊர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் படித்தது சரிதான். ஹவுஸ்மன் 1859இல் பிறந்தது பக்கத்து மாவட்டமான வூஸ்டர்ஷயரில், புரோம்ஸ்குரோவ் அருகே. மேற்கே தெரிந்த ஷ்ராப்ஷயர் குன்றுகள் அவர் சிறுவயதின் தொடுவானம். அந்தப் பக்கம் அவர் அதிகம் போனதில்லை. ஹ்யூலி என்ற ஊரின் தேவாலயக் கோபுரத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். தம்பி லாரன்ஸ் நேரில் போய்ப் பார்த்தால், கவிதையில் இருக்கிற மாதிரி ஓங்கிய கோபுரமே அங்கே இல்லை. ஹவுஸ்மன் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவிதையை மாற்றவும் இல்லை. அவருடைய பன்னிரண்டாவது பிறந்தநாளன்று அம்மா இறந்துபோனார். அதற்கு முந்தைய காலத்துக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர்தான் ஷ்ராப்ஷயர் என்று நான் நினைக்கிறேன். வரைபடத்தை வைத்து அதை அளப்பதில் பயனில்லை.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் உதவித்தொகையில் படித்தார். உடன் படித்தவர் மோசஸ் ஜாக்சன். அறிவியல் மாணவர், படகு வலிப்பவர், இலக்கியத்தில் நாட்டமில்லாதவர். ஹவுஸ்மன் அவர்மேல் கொண்ட காதல் சாகும்வரை போகவில்லை. ஜாக்சனுக்கு அப்படிப்பட்ட எண்ணமே கிடையாது. 1881இல் இறுதித் தேர்வில், தன் துறையில் எல்லாரையும்விட அதிகம் தெரிந்த இந்த மாணவர், கிட்டத்தட்ட வெற்றுத் தாள்களைக் கொடுத்துவிட்டுத் தோற்றார். ஏன் என்று இன்றுவரை ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மறுவருடம் லண்டனில் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஜாக்சனும் அங்கேதான் வேலை பார்த்தார். கொஞ்ச காலம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள், ஜாக்சனின் தம்பியும் கூட. 1885 வாக்கில் ஏதோ நடந்து ஹவுஸ்மன் வீடு மாறினார். 1887இல் ஜாக்சன் கராச்சியில் ஒரு கல்லூரிக்கு முதல்வராகக் கப்பலேறிவிட்டார். இரண்டு வருடம் கழித்துத் திருமணத்துக்காக இங்கிலாந்து வந்தபோது ஹவுஸ்மனுக்கு அழைப்பு இல்லை. செய்தியே பிறகுதான் தெரிந்தது.

இதை யாரிடம் சொல்வது? அன்றைய இங்கிலாந்தில் இது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். 1895 மே மாதம் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டுக்கு இதற்காகத்தான் இரண்டு வருடக் கடுங்காவல் விதித்தார்கள். ஹவுஸ்மனின் முதல் கவிதைத் தொகுப்பான 'எ ஷ்ராப்ஷயர் லாட்' (ஒரு ஷ்ராப்ஷயர் பையன்) நூலின் பெரும்பகுதி எழுதப்பட்டது அதே வருடம். வைல்டின் தண்டனையை மனத்தில் வைத்து ஹவுஸ்மன் எழுதிய ஒரு கவிதை உண்டு. தலைமுடியின் நிறம் சரியில்லை என்று ஒருவனுக்கு விலங்கு மாட்டி இழுத்துப் போகிறார்கள். கோபமும் கிண்டலுமாக ஓடும் அந்தக் கவிதையை அவர் உயிரோடு இருக்கும்வரை வெளியிடவில்லை. தொகுப்பில் சேர்ந்தது இன்னொன்று: அந்த ஆகஸ்டில் தன்னைச் சுட்டுக்கொண்ட ஓர் இளம் ராணுவ மாணவனைப் பற்றியது. அந்தச் செய்தித்தாள் துணுக்கு ஹவுஸ்மனின் சொந்தப் பிரதியில், அந்தக் கவிதைப் பக்கத்திலேயே இருந்தது. செத்தது நல்லதே என்று அந்தப் பையனைப் பாராட்டுகிறது கவிதை. எனக்கு அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எத்தனை முறை படித்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அதை எழுதியவர் வேஷம் போடுகிறார் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

யாரை இழந்தேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதனால் பெயரையும் முகத்தையும் எடுத்துவிட்டு, ஓர் உழவுக்காரப் பையனின் வாயில் துக்கத்தை மட்டும் வைத்தார். அந்தக் காலி இடத்தில் படிப்பவர்கள் தங்கள் ஆளை வைத்துக்கொண்டார்கள். அவருடைய பிரபலத்துக்கு எளிய சந்தத்தைவிட இதுதான் காரணம் என்பது என் கருத்து. செத்துப்போனவன் தோழனிடம் கேள்விகேட்கும் கவிதையைப் பாருங்கள். என் குதிரைகள் உழுகின்றனவா, ஆற்றங்கரையில் பையன்கள் பந்து ஆடுகிறார்களா, என் காதலி அழுகையை நிறுத்தினாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் நீ எப்படி இருக்கிறாய் என்கிறான். செத்த ஒருவனின் காதலிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாருடைய காதலி என்று மட்டும் கேட்காதே என்கிறான் தோழன். இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் இதற்கு இசையமைத்தபோது பந்தாட்டம் வரும் இரண்டு பத்திகளை வெட்டிவிட்டார். ஹவுஸ்மனுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். அந்தச் சாதாரணக் கேள்விகள் வரிசையாக வந்தால்தான் கடைசிப் பதில் நம்மைக் குத்தும்.

புத்தகம் வெளிவந்த கதையும் சுவாரசியமானது. மாக்மில்லன் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. 1896இல் கீகன் பால் நிறுவனம் 500 பிரதி போட்டது, செலவு 30 பவுண்டும் ஹவுஸ்மனுடையது. பிறகு கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பதிப்பாளர் எடுத்து நடத்தியபோது, எனக்கு ராயல்டி வேண்டாம், விலையைக் குறைவாக வையுங்கள் என்றார் ஹவுஸ்மன். முதலில் மெதுவாகப் போன புத்தகம் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்த காலத்திலும் முதல் உலகப் போரிலும் பட்டாளத்துக்காரர்களின் சட்டைப் பைக்குள் போய்ச் சேர்ந்தது. இந்தக் கவிதைகளுக்கு அருமையாக இசையமைத்த ஜார்ஜ் பட்டர்வொர்த் 1916இல் சோம் போரில் கொல்லப்பட்டார். முப்பத்தொரு வயது.

லத்தீன் பேராசிரியர் ஒரு ஆள், கவிஞர் வேறு ஆள் என்று உங்கள் கடிதம் பிரிக்கிறது. எனக்கு இருவரும் ஒருவர்தான். காப்புரிமை அலுவலகத்தில் பத்து வருடம் குப்பை கொட்டிய காலத்தில், மாலையில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து கட்டுரைகள் எழுதினார். 1892இல் அந்தக் கட்டுரைகளை வைத்தே லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியரானார். விண்ணப்பத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் தோற்றதைத் தானே குறிப்பிட்டிருந்தார். அப்புறம் 1911இல் கேம்பிரிட்ஜ். மானிலியஸ் என்ற ரோமானியர் சோதிடம் பற்றிப் பாடிய நூலை 1903 முதல் 1930 வரை ஐந்து தொகுதிகளாகத் தன் சொந்தப் பணத்தில் பதிப்பித்தார். மானிலியஸ் பெரிய கவிஞரில்லை என்பது அவருக்கே தெரியும். நூலின் மூலப் பாடம் சிதைந்து கிடந்தது, சரிசெய்யத் தன்னால் முடியும், அவருக்கு அது போதும். முன்னுரைகளில் மற்ற பதிப்பாசிரியர்களை அவர் கிழிப்பதைப் படித்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் பயமும் வரும். முதல் தொகுதியின் காணிக்கை மோசஸ் ஜாக்சனுக்கு, லத்தீன் கவிதையாகவே. பொதுவெளியில் அந்தப் பெயரை அவர் எழுத முடிந்தது அங்கேதான்.

ஒரு சொல் தவறான இடத்தில் இருந்தால் பொறுக்காத அதே மூளைதான் கவிதையும் எழுதியது. 1933இல் கேம்பிரிட்ஜ் உரையில் அவரே சொன்னார்: மதியம் ஒரு பைண்ட் பீர் குடித்துவிட்டு நடக்கப் போவேன், வரிகள் தானாக வரும். தொகுப்பின் கடைசிக் கவிதையில் இரண்டு பத்திகள் லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற திறந்தவெளியின் ஓரமாக நடக்கையில் முழுசாக வந்தன. மூன்றாவது தேநீருக்குப் பிறகு கொஞ்சம் கெஞ்சியதும் வந்தது. நான்காவதைப் பதின்மூன்று முறை எழுதினார், சரியாக வர ஒரு வருடத்துக்குமேல் ஆனது. எது எந்தப் பத்தி என்று மட்டும் சொல்லவில்லை. நான் தேடிப் பார்த்தேன், ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை.

உங்கள் ஆசிரியர் சொன்னதிலும் ஒரு பங்கு உண்மை. அறுபத்து மூன்று கவிதைகளையும் ஒரே மூச்சில் படித்தால் அலுக்கும். கல்லறை, தூக்குமரம், பட்டாளம், மறுபடி கல்லறை. ஒரு நாளைக்கு இரண்டு போதும். செர்ரி மரக் கவிதையில் தொடங்குங்கள். எழுபது வயதில் இருபது போய்விட்டது, இன்னும் ஐம்பது வசந்தம்தான், பார்த்துத் தீராது, இப்போதே போகிறேன் என்கிறான் பையன். மனக்கணக்கு போடுகிற இருபது வயது! அதை எழுதியவருக்கு அப்போது முப்பத்தாறு வயதுக்குள்தான்.

காதல் கதை தெரிந்தபின் மாறுமா என்றால், முதல் தொகுப்புக்கு அது தேவையில்லை. தெரியாமல் படித்துத்தான் இத்தனை பேர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது தொகுப்பான 'லாஸ்ட் போயம்ஸ்' வேறு விஷயம். 1922இல் ஜாக்சன் கனடாவில் வயிற்றுப் புற்றுநோயோடு படுத்திருந்தார். அவர் கண்ணில் பட வேண்டுமென்று, கைவசம் கிடந்தவற்றோடு புதிதாகவும் எழுதி, ஹவுஸ்மன் அவசரமாக அச்சுக்குக் கொடுத்தார். அக்டோபரில் புத்தகம் வந்தது, மருத்துவமனைக்குப் பிரதி போய்ச் சேர்ந்தது, ஜனவரியில் ஜாக்சன் இறந்தார். அதைப் படிக்கும்போது இது தெரிந்திருப்பது நல்லது. ஹவுஸ்மன் 1936இல் இறந்தபின் லாரன்ஸ் வெளியிட்ட 'மோர் போயம்ஸ்' தொகுப்பில் முப்பத்தொன்றாவது கவிதையையும் எடுத்துப் பாருங்கள். மறந்துவிடு என்று ஒருவன் கேட்கிறான், சரி என்று மற்றவன் வாக்குக் கொடுக்கிறான். பதினாறு வரிதான், ஜாக்சனின் பெயர் அதிலும் இல்லை.