வின்ஃபார்ம்ஸ் எம்டிஐ: ‘சேமி’ எந்த பில்லுக்கு?

வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைக்கு எழுதும் பில்லிங் மென்பொருள் வின்ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் விண்டோஸ் மென்பொருள் எழுதும் கருவித்தொகுப்பு), எம்டிஐ முறையில் (ஒரு தாய் விண்டோவுக்குள் பல விண்டோக்கள்) இருக்கிறது; அதில் நாலைந்து பில் விண்டோக்கள் திறந்திருந்தால், ‘சேமி’ பட்டன் தவறான பில்லைச் சேமிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகத் திறந்த ஃபார்மை (விண்டோவை) உங்கள் கோடு ஒரு மாறியில் பிடித்து வைத்திருப்பதுதான் கோளாறு. அதை எடுத்துவிடுங்கள். தாய் ஃபார்மின் ஆக்டிவ்எம்டிஐசைல்ட் (ActiveMdiChild) என்ற பண்பு, பயனர் நிற்கும் பில்லையே தரும். எதுவும் திறந்திராவிட்டால் காலி மதிப்பு (null) வரும், முதலில் அதைச் சோதியுங்கள். ‘சேமி’ பட்டனை முடக்குவதும் மீண்டும் இயக்குவதும், பில் விண்டோ மாறும்போது எழும் எம்டிஐசைல்ட்ஆக்டிவேட் (MdiChildActivate) நிகழ்வில் இருக்கட்டும். விண்டோ மூடும்போதும் அந்த நிகழ்வு எழும்.

அப்புறம், ஒரே பில்லை இரண்டு விண்டோவில் திறக்க விடவே விடாதீர்கள். ஆடித் தள்ளுபடி நெரிசலில், ஒன்றில் திருத்திய தொகையை மற்றொன்று பழைய தொகையால் அழித்துவிடும், பாவம் கல்லாக்காரர்தான் மாட்டுவார். பில்லைத் திறக்கும் முன், திறந்திருக்கும் பில் விண்டோக்களின் பட்டியலான எம்டிஐசில்ட்ரனில் (MdiChildren) பில் எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அந்த விண்டோவை முன்னே கொண்டுவர ஆக்டிவேட் (Activate) போதும், சுருக்கி வைத்திருந்தால் மட்டும் விண்டோஸ்டேட்டை (WindowState) நார்மலாக்குங்கள்.