கடன் அடையும்வரை சிக்கனத்தைக் கைவிடாமல் இருப்பது எப்படி?

கேள்வி: கிரெடிட் கார்டு, வட்டிக்கு வாங்கியது, நகைக்கடன் மூன்றும் சேர்த்து எங்களுக்கு 2,60,000 ரூபாய் கடன். செலவைக் குறைத்து அடைக்கத் தொடங்கினோம். மூன்றாம் மாதமே சலித்துவிட்டது. முடியும்வரை மனம் தளராமல் இருக்க என்ன வழி?

பதில்:

மூன்றாம் மாதம் சலிப்பு வருவது பெரும்பாலும் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதம் பத்தாயிரம் அடைக்கிறீர்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இன்னும் இரண்டரை லட்சம் நிற்கிறது. யாருக்கும் கை சோர்ந்துதான் போகும். மொத்தப் பாக்கியைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு வட்டி ஓடுகிறது என்று கணக்குப் போடுங்கள்.

மூன்று கடனையும் இப்படிப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் எண்கள் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கார்டில் 60,000 பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 2,100. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 378. ஆக மாதம் 2,478, நாளைக்கு 83 ரூபாய். தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கிய 50,000க்கு மாதம் 1,500, நாளைக்கு 50. வங்கியில் 12 சதவீதத்துக்கு வைத்த நகைக்கு, 1,50,000க்கு ஆண்டுக்கு 18,000, நாளைக்கு 49. மூன்றும் சேர்த்து 182 ரூபாய். நீங்கள் தூங்கி எழுந்தாலே 182 ரூபாய் போய்விடுகிறது.

இந்த எண்ணைத் தினசரி காலண்டரின் அட்டையில், கிழிக்கும் தாளுக்கு மேலே, பென்சிலால் பெரிதாக எழுதுங்கள். கார்டில் 10,000 கட்டினால் அதில் 14 குறையும். அழித்துவிட்டு 168 என்று எழுதலாம். கார்டை முழுக்க முடித்த நாளில் மொத்தக் கடன் 23 சதவீதம்தான் குறைந்திருக்கும். தினவட்டியோ 182லிருந்து 99க்கு வந்திருக்கும், ஏறக்குறைய பாதி. செய்த வேலையின் பலன் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த மாதமும் செய்யத் தோன்றும்.

சிக்கனமாக இருந்தும் கடன் குறையாத வீடுகளில் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. மிச்சம் பிடித்த பணம் கணக்கிலேயே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்குப் போகாமல் வீட்டில் சமைத்து 500 ரூபாய் மிச்சம் பிடித்தீர்கள் என்றால், புதன்கிழமைக்குள் அந்த 500 எதிலாவது கரைந்துவிடும். அன்று இரவே கார்டில் கட்டிவிடுங்கள். கார்டு பாக்கிக்கு வட்டி நாள் கணக்கில்தான் ஓடுகிறது. மாதத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம், சின்னத் தொகையாகவும் கட்டலாம். 500 ரூபாய்க்கு மாதம் 20 ரூபாய் வட்டி குறையும். தொகை சிறியதுதான். ஆனால் ‘போகாமல் இருந்தோம்’ என்ற வெறும் ஏக்கம் ‘கட்டிவிட்டோம்’ என்று முடிவதில் பெரிய நிம்மதி இருக்கிறது.

கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். 60,000 பாக்கிக்கு 3,000 கட்டினால் 2,478 வட்டிக்கும் வரிக்கும் போய், அசலில் கழிவது 522 ரூபாய். இதில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. எனவே அடைத்து முடியும்வரை அந்தக் கார்டைத் தேய்க்கவே கூடாது. உணவு ஆப், ஷாப்பிங் ஆப் எல்லாவற்றிலும் சேமித்து வைத்திருக்கும் கார்டை நீக்கிவிடுங்கள். பதினாறு இலக்கத்தையும் எழுந்துபோய்ப் பார்த்து அடிக்க வேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கும்.

அடைக்கும் வரிசை: வட்டி அதிகமுள்ளது முதலில். கார்டுக்கு வரியோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 சதவீதம், மூணு வட்டி என்பது 36, நகை 12. மற்ற இரண்டுக்கும் வட்டியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு கார்டில் மாதம் 10,000 கட்டினால் ஏழு மாதத்தில் முடிந்து, எட்டாம் மாதத்துக்குச் சில நூறுதான் பாக்கி நிற்கும். பிறகு அதே பத்தாயிரத்தையும் ஏற்கெனவே கட்டிவந்த 1,500ஐயும் சேர்த்து வட்டிக்கடனில் போட்டால் ஐந்து மாதம். அதற்குப் பின், நகை வட்டிக்கு எடுத்துவைத்த 1,500ஐயும் சேர்த்து 13,000 வீதம் நகைக்கு ஒரு வருடத்துக்குச் சற்று மேல். ஆக இரண்டு வருடமும் ஓரிரு மாதமும். முடியும் தேதி ஒன்று இருப்பதே பெரிய பலம். அந்த மாதத்தின் பெயரையும் காலண்டரில் எழுதுங்கள்.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கு. நாத்தனாரிடமோ மைத்துனரிடமோ வட்டியில்லாமல் வாங்கிய ஐயாயிரம், பத்தாயிரம் கைமாத்து இருந்தால், வட்டியே இல்லை என்றாலும் அதை முதலில் கொடுத்துவிடுங்கள். விசேஷ வீட்டில் அவர் முகத்தைப் பார்க்கக் கூசுவது எந்த வட்டியையும்விட அதிகமாகச் சோர்வு தரும்.

வட்டிக்குக் கொடுத்தவர் ‘அசலை மொத்தமா கொடுங்க, பிச்சுப் பிச்சு வேண்டாம்’ என்று சொல்வது வழக்கம். மாதா மாதம் வட்டி வருவது அவருக்கு வசதி. பத்தாயிரமாகச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள்; பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும்போதெல்லாம் புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த மாதத்திலிருந்து வட்டி மீதி அசலுக்குத்தான் என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். முடிக்கும் நாளில் புரோநோட்டையும், கொடுத்துவைத்த வெற்றுக் காசோலை இருந்தால் அதையும் கையில் வாங்காமல் வராதீர்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று மிரட்டலோடு நடக்கும் கடனாக இருந்தால் அது சிக்கனத்தால் தீரும் விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு எதிராக 2003லிருந்தே சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம்.

சலிப்பு வரும் நேரத்தில்தான் ‘இன்னொரு லோன் போட்டு எல்லாத்தையும் ஒண்ணாக்கிடலாம்’ என்ற யோசனையும் வரும். 12 சதவீத பிளாட் வட்டியில் ஒரு லட்சம், 24 மாதம் என்றால் மாதம் 5,167. அசல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21, 22 சதவீதம். கார்டைவிடக் குறைவுதான், தவறில்லை. ஆனால் காலியான கார்டை மறுபடி தேய்த்தால் ஒரு கடன் இரண்டாகிவிடும். மாற்றுகிற அன்றே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். தண்டலுக்கு மட்டும் போகவே வேண்டாம். கையில் 8,500 வாங்கி, தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டினால் வட்டி ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடும்.

இனி வீட்டுச் செலவு. தினமும் மனதோடு மல்லுக்கட்ட வைக்கும் சிக்கனம் நிலைக்காது. ஒரு முறை முடிவெடுத்தால் தானாக மிச்சமாகிக்கொண்டே இருக்கும் இடங்களை முதலில் பிடியுங்கள். மின்கட்டணம் நல்ல உதாரணம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சலுகை உண்டு. 501 ஆனால் அது போய்விடும். அந்த ஒற்றை யூனிட்டால் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். கணக்கெடுக்க வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு மீட்டரைப் பார்த்தால் ஏசி, கீசரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் எந்த மாதமும் விடாதீர்கள்; அதே பருப்பு வெளிக்கடையில் நூறு ரூபாய்க்கு மேல். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பது அப்படியே மிச்சம்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. பிள்ளைகளின் முட்டை, பால், வீட்டில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரை, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம். இவற்றில் கை வைத்தால் பின்னால் பல மடங்காகக் கொடுக்க நேரும்.

காய்கறி, பால், பெட்ரோல், சில்லறைச் செலவுக்கு வாரக் கவர் நன்றாக வேலை செய்யும்; அதாவது, ஒவ்வொரு வாரத்துக்கான ரொக்கத்தையும் தனித்தனிக் கவரில் போட்டுவைப்பது. இதில் பலர் சறுக்குவது ஒரு சின்னக் கணக்கில். மாதத்தை நான்கு வாரம் என்று வைத்து நான்கு கவர் போடுகிறார்கள். 28ஆம் தேதியோடு பணம் தீர்ந்து, கடைசி இரண்டு மூன்று நாளுக்குக் கார்டை எடுக்கிறார்கள். 31 நாள் மாதத்துக்கு ஐந்து கவர் வேண்டும். மாதம் 9,000 என்றால் ஏழு நாள் கவர் நான்கில் தலா 2,030, மூன்று நாள் கவரில் 880. ரொக்கம் பிடிக்காதவர்கள் இன்னொரு வங்கிக் கணக்கில் வாரத் தொகையை மட்டும் போட்டு, அதில் மட்டும் யுபிஐ வைத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கில் யுபிஐ இருந்தால் டீக்கும் வடைக்கும் போன நாற்பது ரூபாய்கள் கணக்கிலேயே தெரியாது.

கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கு மாதம் 500 ரூபாய் கைச்செலவு ஒதுக்குங்கள். அதற்குக் கணக்கு கேட்கக் கூடாது. பூ வாங்கினாலும் சரி, சினிமாவுக்குப் போனாலும் சரி. இதைக்கூட வெட்டும் வீடுகளில்தான் நான்காம் மாதம் ஒரே மாலையில் மூவாயிரம் செலவாகிறது, அதோடு முயற்சியும் நின்றுபோகிறது.

திட்டத்தை உடைப்பது பெரும்பாலும் மாதச் செலவு இல்லை, ஆண்டுக்கு ஒரு முறை வருவதுதான். தீபாவளி, பொங்கல், ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்ஷூரன்ஸ், குலதெய்வம் கோவில், மொய். எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதா மாதம் தனியாகப் போட்டுவையுங்கள். 36,000 வந்தால் மாதம் 3,000. கார்டுக்கான பத்தாயிரத்தைத் தீர்மானிக்கும் முன்பே இது எடுக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஐப்பசியில் மறுபடி கார்டுதான். மொய்க்கு மட்டும் ஊகம் வேண்டாம், வீட்டு மொய் நோட்டை எடுங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே வரப்போகும் செலவு தெரியும். மொய்யும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்தான். அதைத் தவிர்க்கச் சொல்வது நம் ஊரில் நடைமுறைக்கு ஒத்துவராது. துணிமணியில் குறைக்கலாம். ‘அத்தை, இந்தத் தீபாவளிக்குப் பிள்ளைங்களுக்கு மட்டும் எடுத்துட்டு வர்றோம், பெரியவங்களுக்கு அடுத்த வருஷம்’ என்று இரண்டு மாதம் முன்பே போனில் சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது. கடைசி நாளில் சொன்னால் வரும்.

இவற்றோடு 10,000 முதல் 15,000 வரை தொடாமல் ஒரு கணக்கில் இருக்க வேண்டும். ஒரு காய்ச்சல், ஒரு வண்டி ரிப்பேர் வந்தால் அதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

முதல் 13 மாதம் தினவட்டி வேகமாக இறங்கும், உற்சாகமும் தானாக வரும். அதற்குப் பிறகு நகைக்கடன் மட்டும் நிற்கும்போது எண் 49லிருந்து மாதம் நான்கு ரூபாய் கூடக் குறையாது. இரண்டாவது சலிப்பு அங்கேதான் காத்திருக்கிறது. பலர் அங்கே கட்டுவதை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறார்கள். அசல் அப்படியே இருக்க நகை பத்து வருடம் வங்கியிலேயே கிடக்கிறது.

இதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்ய வேண்டும். ஆண்டு முடிந்து திருப்பி வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே கடனாக வைக்காமல் மூன்று கடனாகப் பிரித்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். வளையலுக்கு 70,000, சங்கிலிக்கு 60,000, தோட்டுக்கு 20,000 என்பதுபோல. ஒரே கடனாக இருந்தால் முழுத்தொகையும் கட்டும்வரை ஒரு பொட்டுத் தங்கம்கூடக் கைக்கு வராமல் போகலாம். பிரித்து வைத்தால் தோடு இரண்டே மாதத்தில் வீட்டுக்கு வரும். பிரிக்கும்போது மதிப்பீட்டுக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனியாக வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; வந்தாலும் சில நூறு ரூபாய்க்கு இது தகும்.

மீட்கப் போகும்போது அடகு ரசீதில் எழுதிய எடையையும் தோட்டின் எடையையும் கவுண்டரிலேயே ஒப்பிட்டு, கல், திருகாணி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கணக்கு முடிந்ததற்கு ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டைப் பீரோவில் வைக்க வேண்டாம். அன்றைக்கே காதில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சங்கிலிக்கான ஐந்து மாதத்துக்கு அதுதான் கண்ணெதிரே இருக்கப்போகிறது.