அவகாடோ: எந்த மாதம் வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்?

கீழ்ப்பழனி மலையில் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே அவகாடோ மரங்கள் நிற்கும் தோட்டம் எங்களுடையது. காய் இறக்கி வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். விலை, சீசன், வாங்கத் தகுமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். தெரிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை): இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒரே ஒரு பழம் 180 ரூபாய். அதே வாரம் கொடைக்கானல் போய் வந்த என் நாத்தனார் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கி வந்தாள். இவ்வளவு வித்தியாசமா அண்ணா?

நீங்கள் பார்த்தது ஹாஸ் ரகம். தோல் தடித்து, சொரசொரப்பாக இருக்கும், பழுத்தால் கறுத்துவிடும். தான்சானியா, நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து குளிரூட்டிய பெட்டியில் வருகிறது. கப்பல் வாடகை, சுங்க வரி, குளிர்ப் பாதுகாப்பு, கடையில் அழுகிப்போகும் பழத்தின் நஷ்டம் எல்லாமே அந்த 180 ரூபாய்க்குள் இருக்கிறது. நாத்தனார் கொண்டு வந்தது மலைக்காய். மூட்டையில் கட்டி லாரியில் இறங்குவது.

தின்னக் கிடைக்கும் சதையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹாஸ் பழம் 200 கிராம் என்றால் தோல், கொட்டை போக ஏறத்தாழ 140 கிராம் தேறும். அப்படியானால் 100 கிராம் சதை கிட்டத்தட்ட 130 ரூபாய். மலைக்காயில் கொட்டை பெரிது. 40 சதவீதம் கழிந்தாலும் ஒரு கிலோவில் 600 கிராம் நிற்கும். 100 கிராம் 20 ரூபாய். ஹாஸில் எண்ணெய்ச் சத்து கூடுதல், வெண்ணெயாகக் குழையும், அதை மறுக்கவில்லை. ஆறு மடங்கு கொடுக்கும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல என்பது என் கருத்து.

கேள்வி (சேலம்): எந்த மாதம் விலை இறங்கும்?

தமிழ்நாட்டு மலைகளில் ஜூலை, ஆகஸ்ட்தான் உச்சம். குடகில் ஜூன் தொடங்கி அக்டோபர் வரைக்கும் ஓடும். இரண்டு பக்கத்துச் சரக்கும் சேர்ந்து வரும் ஆகஸ்டில் விலை நன்றாக இறங்கும். எங்கள் மரங்களில் பெரும்பாலானவை விதையில் முளைத்தவை. ஒன்றின் காய் நீளம், இன்னொன்றின் காய் உருண்டை. முற்றும் நாளும் மரத்துக்கு மரம் மாறும். அதனால் சீசன் முடிந்த பிறகும் கொஞ்சம் காய் வந்துகொண்டேதான் இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நகரத்துக் கடையில் காண்பது பெரும்பாலும் இறக்குமதி. அந்த மாதங்களில் வாங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, அவகாடோ மரம் ஒரு வருஷம் தாங்கிக் காய்த்தால் மறு வருஷம் ஓய்ந்துவிடும். ஆகவே போன வருஷ விலையை வைத்து இந்த வருஷத்தைக் கணிக்க முடியாது.

கேள்வி (மதுரை): மே மாதக் கடைசியில் தள்ளுவண்டியில் இரண்டு கிலோ வாங்கினேன். பத்து நாள் அரிசிக்குள் வைத்தும் ரப்பர் மாதிரியே இருந்தது, கசப்பு வேறு. நம்ம ஊர்ப் பழமே மட்டம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். உங்களுக்குக் கிடைத்தது இளங்காய். பழத்தின் மீது குற்றமே இல்லை.

அவகாடோ மரத்திலேயே பழுக்காது. முற்றிய காயைப் பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும். காய் முற்றும்போது சதையில் நீர் குறைந்து எண்ணெய் ஏறுகிறது. அது ஏறுவதற்கு முன் பறித்தால் எத்தனை நாள் அரிசிக்குள் வைத்தாலும் சுருங்குமே தவிர குழையாது. பிறகு ஏன் பறிக்கிறார்கள்? சீசனுக்கு முன்னால் வரத்து இல்லாததால் மார்க்கெட்டில் விலை ஏறி நிற்கும். மரத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்த வியாபாரிக்கு அந்த விலை கண்ணை உறுத்தும். ஆளை ஏற்றி, பெரிது சிறிது பார்க்காமல் ஒரே நாளில் உலுக்கிவிடுவார். நல்ல விலை கொடுத்து ஏமாந்தவர், ஆகஸ்டில் அருமையான காய் பாதி விலைக்கு வரும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

காய் முற்றியதா என்று நாங்கள் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு காயை அறுத்துக் கொட்டையைப் பார்ப்போம். கொட்டையின் மேல்தோல் வெளிறிய மஞ்சளாக, தடிப்பாக, சதையோடு ஒட்டியிருந்தால் இளசு. பழுப்பேறி, காகிதமாக மெலிந்திருந்தால் முற்றிவிட்டது. கடையில் உங்களால் அறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் காதோரம் வைத்துக் குலுக்கலாம். மலைக்காயில் பல ரகங்களுக்குக் கொட்டை ஆடும் சத்தம் கேட்கும். தோலின் பளபளப்பு மங்கியிருப்பதும் நல்ல அடையாளம். கடைக்காரரிடம் ஒரு காயை அறுத்துக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை, தர்பூசணிக்குக் கேட்கிறோமே.

கேள்வி (கோவை): பழுத்ததாக வாங்குவதா, காயாக வாங்குவதா? அமுக்கிப் பார்த்தால் கடைக்காரர் முறைக்கிறார்.

அவர் முறைப்பது நியாயம். ஒவ்வொருவரும் கட்டை விரலால் அமுக்கும் இடத்தில் உள்ளே கறுத்துவிடும். அறுத்தால் தெரியும் கறுப்புத் திட்டுகளில் பல அப்படி வந்தவை. கெட்டியான, முற்றிய காயாக வாங்குங்கள். வாழைப்பழத்தோடு காகிதப் பையில் சுருட்டி வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு இதையும் பழுக்க வைக்கும். வெயில் காலம் என்றால் நான்கைந்து நாளில் ஆகிவிடும், மழைக் குளிரில் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். உள்ளங்கையில் ஏந்தி மெதுவாகப் பொத்திப் பார்த்தால் லேசாக இசைந்து கொடுக்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், எங்கள் காய்களில் பல பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும்.

காயை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிர் தாக்கினால் பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் சரியாகப் பழுக்காது. பழுத்தது என்றால் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

கேள்வி (திருச்சி): வெட்டின பாதியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் கறுக்காது என்று வீடியோவில் காட்டுகிறார்களே?

வேண்டாம் அம்மா. தோலில் இருக்கும் கிருமி தண்ணீரில் பெருகும் என்று அமெரிக்க உணவுத் துறையே எச்சரித்திருக்கிறது. வெட்டுமுன் தோலைக் கழுவுங்கள், மீந்த பாதியில் எலுமிச்சைச் சாறு தடவி மூடி வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். மேலே கறுத்த பகுதியை வழித்து எறிந்தால் போதும்.

கேள்வி (திருநெல்வேலி): எனக்குச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் இரண்டும் உண்டு. தினமும் சாப்பிடச் சொல்கிறார்கள். அந்த விலைக்கு உண்மையில் பலன் இருக்கிறதா சார்?

நல்ல பழம்தான். 100 கிராமில் 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு, 7 கிராம் அளவுக்கு நார்ச்சத்து. கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகை, சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் மருந்தல்ல. இடுப்புப் பெருத்த ஆயிரம் பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. அதில் பாதிப் பேர் ஆறு மாதம் தினம் ஒரு பழம் சாப்பிட்டார்கள். வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை; கெட்ட கொலஸ்ட்ரால் சற்றே இறங்கியது, அவ்வளவுதான். விற்கிறவன் நானே சொல்கிறேன், கடன்பட்டு வாங்க வேண்டிய பொருள் இது இல்லை. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் இதைவிடப் புரதம் அதிகம்.

இன்னொரு விஷயம். ஜூஸ் கடையில் பட்டர் ஃப்ரூட் என்று சீனியும் ஐஸ்கிரீமும் போட்டு அடித்துத் தருவதைச் சர்க்கரைக்காரர் குடித்துவிட்டுப் பழத்தைக் குறை சொல்லக் கூடாது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து தோசைக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் கொதிக்க விடாதீர்கள், கசந்துவிடும்.

கேள்வி (ஈரோடு): குழந்தைக்குக் கொடுக்கலாமா? யார் தவிர்க்க வேண்டும்?

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கு மசித்துக் கொடுக்கலாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளுங்கள். ரப்பர் கையுறை அலர்ஜி உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆடு, கோழி, கிளிக்குப் போட்டுவிடாதீர்கள், அவற்றுக்கு விஷம்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): ஹாஸ் விலையைப் பார்த்து இரண்டு ஏக்கரில் நடலாமா என்று யோசிக்கிறேன் அண்ணே.

ஹாஸ் விலையைப் பார்த்து இறங்காதீர்கள் தம்பி. சமவெளி வெயிலில் பூ கொட்டும். தண்ணீர் தேங்கும் மண்ணில் வேர் அழுகி மரமே சாய்ந்துவிடும். தடியன்குடிசையில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கீழ்ப்பழனி மலைக்கென்றே டி.கே.டி. 1 என்ற ரகத்தைத் தேர்ந்து தந்திருக்கிறது. முதலில் அங்கே போய் மரத்தை நேரில் பாருங்கள், உங்கள் மண்ணைப் பற்றிக் கேளுங்கள். நடுவதென்றால் ஒட்டுக்கன்றுதான், விதைக்கன்று காய்க்க ஐந்தாறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், காய் எப்படி வரும் என்றும் சொல்ல முடியாது.

கேள்வி (திண்டுக்கல்): தோட்டத்திலேயே நேராக வாங்கினால் உங்களுக்கு லாபமா?

ரொம்பவே. மார்க்கெட்டில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் போகத்தான் எங்கள் கைக்கு வரும். உச்ச சீசனில் பறிப்புக் கூலிக்கே கட்டுபடியாகாத வாரமும் உண்டு. ஆகஸ்டில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வந்தால் தோட்டக்காரரிடமே கேளுங்கள். நாலு வீடு சேர்ந்து ஒரு பெட்டி எடுத்தீர்களென்றால் முற்றிய காயாகப் பொறுக்கிப் போடச் சொல்லலாம். அன்றே தின்ன ஒன்றும் இருக்காது, நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும்.